கற்பிப்போர் கற்றல்: சுயகற்றலும் ஆசிரியர் வாண்மை விருத்தியும் பற்றிய ஒரு நோக்கு

1

மாணவர் தாமே தேடிக் கற்றல் வேண்டும். அவர்களிடத்து அறியும் வேட்கையும் வினாவும் துணிவும் வளர்க்கப்படல் வேண்டும். இக்கோரிக்கையை மறுத்துரைப்பார் இன்று எவருமிலர். கலைத்திட்ட ஆவணங்கள், ஆசிரியர் வழிகாட்டிகள், செயலமர்வுகளின் தொடக்கவுரைகள் ஆகிய அனைத்திலும் இது இடம்பெறுகின்றது. ஆயினும், எமது வகுப்பறைகளுட் பெரும்பாலானவற்றில் ஆசிரியர் சொல்ல மாணவர் எழுதுகின்றனர். எழுதியதை மனனஞ் செய்கின்றனர். மனனஞ் செய்ததைப் பரீட்சையில் ஒப்புவிக்கின்றனர். கொள்கையளவில் எல்லோரும் உடன்படும் ஒன்று நடைமுறையில் இத்துணை அருகிக் காணப்படுவதற்குக் காரணம் யாது?

வழமையாகக் கூறப்படும் விடை ஆசிரியர்மீது பழியைச் சுமத்துவதாகும். அவர் பழைய முறையில் ஊறியவர், மாற்றத்தை விரும்பாதவர், எனவே அவருக்கு மேலும் பயிற்சி அளிக்கப்படல் வேண்டும் என்பர். இவ்விடை ஆசிரியரைத் திருத்தப்படவேண்டிய ஒரு பொருளாகக் கருதுகின்றது. திருத்துவோர் எவர், அவர்கள் எவ்வாறு கற்றனர் என்பனவற்றை வினாவாது விடுகின்றது. 1845ஆம் ஆண்டிற் பொயர்பாக் குறித்து மார்க்ஸ் எழுதிவைத்த சுருக்கக் குறிப்புகளுள் மூன்றாவது இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. மனிதர் சூழ்நிலைகளாலும் வளர்ப்பினாலும் உருவாக்கப்படுவோர் என்று மட்டுங் கூறுவோர், அச்சூழ்நிலைகளை மாற்றுவோரும் மனிதரே என்பதையும், கற்பிப்போனும் கற்பிக்கப்படவேண்டியவன் என்பதையும் மறந்துவிடுகின்றனர் என்பது அதன் சாரம். சமூகத்தைக் கற்பிப்போர், கற்போர் என இருகூறாக்கி, முற்கூறைப் பிற்கூறுக்கு மேலே நிறுத்தும் சிந்தனையை அவர் அங்கு மறுக்கின்றார். சூழ்நிலையை மாற்றுதலும் தம்மை மாற்றிக்கொள்ளுதலும் ஒரே செயற்பாட்டில் நிகழ்வன.

ஆசிரியர் பயிற்சி பற்றிய விவாதத்துக்கு இக்கருத்துப் பெரிதும் பொருந்துவதாகும். தாம் வினாவுதற்கு உரிமையும் அவகாசமும் அற்றுள்ள ஆசிரியர், மாணவரிடத்து வினாவை வளர்த்தல் அரிது. ஆசிரியரை ஆராய்பவராக்கும் வேலை நிலைமைகளினின்றும் பிரிக்கப்பட்ட ‘சுயகற்றற் பயிற்சி’ சடங்காக முடிவதுடன், வசதி படைத்தோருக்கும் இல்லாதோருக்கும் இடையிலான இடைவெளியை மேலும் அகலச் செய்யவுங் கூடும். இதனை எமது கல்வி வரலாற்றின் சில கட்டங்களைக் கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

எமது மரபில் வினாவுக்கு இடமிருந்ததா? பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியர் இயல்பு, மாணாக்கர் இயல்பு, பாடஞ் சொல்லும் முறை, பாடங் கேட்கும் முறை ஆகியவற்றைத் தொகுத்துக் கூறுகின்றது. அங்கு ஒன்றுக்கொன்று முரணான இரு குரல்களைக் கேட்கலாம். ஒருபுறம், மாணாக்கன் ஓவியப் பாவைபோல அடங்கியிருந்து செவியையே வாயாகக் கொண்டு கேட்டல் வேண்டும் என்கின்றது. மறுபுறம், ஆசிரியன் சொன்னதனைத்தையும் நன்கு கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்கூறு புலமையே. உடன் பயில்வோருடன் பழகுவதால் இன்னொரு காற்கூறும், தான் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைக்கூறும் நிரம்பும் என்கின்றது. ஆசிரியர் தரக்கூடியது காற்பங்கே என ஓர் இலக்கண நூல் வரையறுத்துக் கூறியமை வியப்புக்குரியது. இன்று ‘குழுக்கற்றல்’, ‘சகபாடிக் கற்றல்’ என்னும் பெயர்களாற் புதியனவாக அறிமுகஞ் செய்யப்படுவனவற்றின் கரு அங்கு உளது.

ஆயின், இதனைக் கொண்டு எல்லாம் எம்மிடத்தே இருந்தன எனப் பெருமிதங்கொள்வது வரலாற்றுணர்வற்ற செயலாகும். யாருக்கு நூலை உரைக்கலாம் என்று கூறுமிடத்து அந்நூல் ஆசிரியன் மகனையும் அரசன் மகனையும் பொருளை மிகுதியாகக் கொடுப்போனையும் பட்டியலில் முன்வைக்கின்றது. நிலவுடைமைச் சமூகத்திற் கல்வி யார் கைப்பட்டிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. அறிவைத் தாமே நிரப்பிக்கொள்ளும் அந்த அரைக்கூறு, ஓய்வும் உடைமையும் உள்ளவர்க்கே வாய்ப்பதாயிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சியந்திரமும் மிசனரிக் கல்வியும் புதிய நிலைமையைத் தோற்றுவித்தன. கிறித்தவ வினாவிடை நூல்களின் வடிவத்தை எதிர்த்தரப்பினரும் கையாண்டனர். ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடையும் பாலபாடங்களும் எளிய உரைநடையிற் பெருந்தொகையான பிள்ளைகளைச் சென்றடைந்தமை ஒரு முன்னேற்றமே. ஆயினும் வினாவிடை என்னும் வடிவத்தின் இயல்பை நாம் கவனித்தல் வேண்டும். அங்கு விடை மட்டுமன்றி வினாவும் நூலுக்கே உரியது. பிள்ளைக்குரியது மனனம் ஒன்றே. இன்றைய ‘மாதிரி வினாவிடை’ நூல்கள் வரை இவ்வடிவம் தொடர்ந்து வருதலைக் காணலாம்.

குடியேற்ற ஆட்சி இதற்கு நிர்வாக வலுவை அளித்தது. இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டு புகுத்தப்பட்ட, பெறுபேற்றுக்கேற்பப் பணம் வழங்கும் முறை, 1869இற் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டதைத் தொடர்ந்து இலங்கையின் உதவி நன்கொடைப் பாடசாலைகளிலும் இடம்பெற்றது. பரிசோதகர் வருவார், பிள்ளைகளை வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் சோதிப்பார், தேறியோரின் எண்ணிக்கையைப் பொறுத்துப் பாடசாலைக்கு நன்கொடை கிடைக்கும். இத்தகைய ஏற்பாட்டிற் பிள்ளையின் எதிர்பாராத வினா ஆசிரியருக்கு ஓர் இடையூறு. பரிசோதகர் கேட்காத எதனையும் கற்பிப்பதனாற் பயனில்லை. வினாவைக் கண்டு அஞ்சும் ஆசிரியர் இவ்வாறு பொருளாதார நிர்ப்பந்தத்தினால் உருவாக்கப்பட்டவரேயன்றி, இயல்பிலே அவ்வாறு பிறந்தவரல்லர்.

3

1945ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, கிராமப்புறப் பிள்ளைகளுக்கும் உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கும் பாடசாலைக் கதவுகளைத் திறந்துவிட்டது. கன்னங்கராவின் பெயருடன் இணைத்துப் பேசப்படும் இச்சாதனையின் முக்கியத்துவம் எவ்வகையிலுங் குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. ஆனால் கதவு திறந்த அளவுக்கு உள்ளே நிகழ்வது மாறவில்லை. பாடசாலை அரசாங்க உத்தியோகத்துக்கான ஏணியாகவே தொடர்ந்தும் கருதப்பட்டது.

உள்ளடக்கத்தை மாற்றுவதற்கான குறிப்பிடத்தக்க முயற்சி 1972இல் நிகழ்ந்தது. அதற்கு முந்திய ஆண்டு ஏப்ரிற் கிளர்ச்சி, படித்தும் வேலையற்றிருந்த கிராமப்புற இளைஞரின் நிலையை வெளிப்படுத்தியிருந்தது. புதிய கலைத்திட்டத்தில் ஒருங்கிணைந்த விஞ்ஞானமும் சமூகக் கல்வியும் இடம்பெற்றன; அவற்றுடன் தொழின்முன்னிலைப் பாடங்களும் சேர்க்கப்பட்டன. எமது நோக்கிற்கு இறுதியிற் குறிப்பிட்டவை முக்கியமானவை. மீன்பிடி, மட்பாண்டம், நெசவு முதலான தொழில்களைப் பாடசாலை அமைந்த சூழலிலேயே ஆராய்ந்து, தொழில் செய்வோரிடங் கேட்டறிந்து, அவற்றினூடாக விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் சமூக உறவுகளையும் அறியச் செய்தல் அவற்றின் நோக்கமாகும். வேறுவகையிற் கூறின், ஆசிரியர் தம் கையிலில்லாத ஒரு பாடநூலைத் தாமே ஆராய்ந்து எழுதவேண்டியவரானார். குயவரும் கடற்றொழிலாளரும் அறிவுடையோர் என்பதை ஏற்று, அவரிடம் ஆசிரியர் மாணவராகச் செல்லவேண்டியிருந்தது.

இம்முயற்சி வெற்றிபெறவில்லை. சாதியுடன் பிணைந்த தொழில்களைப் பாடசாலைக்குட் கொணர்வதைப் பலர் ஐயத்துடன் நோக்கினர். தம் பிள்ளைகளை மீண்டும் குலத்தொழிலுக்குத் தள்ளும் சூழ்ச்சியோ என ஒடுக்கப்பட்ட மக்கள் ஐயுறுவதற்கும் நியாயமிருந்தது. அதே காலத்திற் பல்கலைக்கழக அனுமதியிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தல், தமிழ் மாணவரிடையே ஒவ்வொரு புள்ளியையும் வாழ்வுப் பிரச்சினையாக்கியது. பரீட்சைப் புள்ளிக்கு உதவாத தேடலுக்கு அங்கு இடமேது? 1977ஆம் ஆண்டு ஆட்சி மாற்றத்தின் பின்னர் இத்திட்டம் கைவிடப்பட்டது. எனினும் அதிலிருந்து ஒரு பாடம் எஞ்சுகின்றது. ஆசிரியரை ஆராய்பவராக்கும் எந்தத் திட்டமும், உழைப்புக்கும் அறிவுக்கும் இடையே சமூகம் எழுப்பியுள்ள மதிலில் மோதியே தீரும்.

1985ஆம் ஆண்டின் சட்டத்தின் வழித் தேசிய கல்வி நிறுவகமும், 1986ஆம் ஆண்டின் சட்டத்தின் வழித் தேசிய கல்வியியற் கல்லூரிகளும் தோன்றின. ஆசிரியர் கல்வி ஒழுங்கமைந்த வடிவம் பெற்றது. 2007இல் தொடங்கிய தேர்ச்சி மையக் கலைத்திட்டம் சுயகற்றலை நேரடியாகவே தன் குறிக்கோளாகக் கொண்டது. ஈடுபடல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்னும் ஐந்து படிகளைக் கொண்ட மாதிரி ஒன்று அமெரிக்க விஞ்ஞானக் கலைத்திட்டத்திலிருந்து பெறப்பட்டது. ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துக் கருதி இதனை ‘ஐந்து ஈ’ மாதிரி என்பர்.

இம்மாதிரி தன்னளவிற் குறையுடையதன்று. பிள்ளை முதலிற் பொருளுடன் ஊடாடி, பின்னரே விளக்கத்தைப் பெறவேண்டும் என்னும் ஒழுங்கு நியாயமானதே. முரண்பாடு அது ஆசிரியரைச் சென்றடைந்த முறையில் இருந்தது. மையத்திற் பயிற்றப்பட்டோர் சேவைக்கால ஆலோசகர்களைப் பயிற்ற, அவர்கள் வலயங்களில் ஆசிரியரைப் பயிற்றினர். ஒவ்வொரு படியிலும் செய்தி மெலிந்தது. மாணவருக்கு விரிவுரை நிகழ்த்தலாகாது என்பதை ஆசிரியர் விரிவுரையாகக் கேட்டுக் குறிப்பெடுத்தனர். வழிகாட்டி நூல்கள் பல, எப்படியில் எதனைச் சொல்லவேண்டும், அதற்கு எத்தனை நிமிடம் எனவும் வரையறுத்தன. கண்டறிதல் இத்தனை நிமிடத்தில் முடிவுறல் வேண்டும் என்று விதிக்கப்பட்ட பின்னர் அங்கு எஞ்சுவது கண்டறிதலின் நடிப்பே. வேறு மொழியிற் சிந்திக்கப்பட்டுத் தமிழாக்கப்பட்ட வழிகாட்டியின் வசனங்களைப் பொருள் கொள்வதே தமிழ்மொழி மூல ஆசிரியருக்குத் தனிப் பணியாயிற்று.

இந்த நிலைமையை நாம் ‘கட்டளையிடப்பட்ட சுதந்திரம்’ எனலாம். சிந்திப்பது ஓரிடத்திலும் செயற்படுத்துவது பிறிதோரிடத்திலும் எனப் பிரிக்கப்படும்போது, தொழிற்சாலைத் தொழிலாளிக்கு நேர்ந்தது ஆசிரியருக்கும் நேர்கின்றது. தன் உழைப்பின் திட்டத்திலிருந்து அவர் அந்நியமாகின்றார். இங்கிலாந்தில் 1967 தொடக்கம் மானிடவியற் கலைத்திட்டச் செயற்றிட்டத்தை வழிநடத்திய லோறன்ஸ் ஸ்ரென்ஹவுஸ், ஆசிரியரே தம் வகுப்பறையின் ஆய்வாளராக அமையாதவிடத்துக் கலைத்திட்ட விருத்தி என்பதற்குப் பொருளில்லை என 1975இல் வெளிவந்த தமது நூலில் வாதிட்டமை இவ்வகையிலே நோக்கத்தக்கது.

4

சுயகற்றல் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பயனைத் தருவதா என்பது அடுத்த வினா. முற்போக்காளர் பலர் இவ்வினாவை எழுப்பத் தயங்குவர். பசில் பேண்ஸ்ரைன் 1975இல் எழுதிய கட்டுரையொன்றில், விதிகளும் எதிர்பார்ப்புகளும் வெளிப்படையாகக் கூறப்படாத, பிள்ளை மையக் கற்பித்தலைப் ‘புலப்படாத கற்பித்தல்’ எனக் குறிப்பிட்டார். அதனைப் பயன்படுத்துவதற்கு வேண்டிய மொழியும் நேரமும் இடமும் மத்தியதர வர்க்கக் குடும்பங்களிலே ஏற்கெனவே உள்ளன. தொழிலாள வர்க்கப் பிள்ளைக்கு அங்கு என்ன எதிர்பார்க்கப்படுகின்றது என்பதே புலப்படுவதில்லை. இதற்குப் பல ஆண்டுகள் முன்னர், முசோலினியின் சிறையில் இருந்தவாறு கிராம்சி, 1923ஆம் ஆண்டின் இத்தாலியக் கல்விச் சீர்திருத்தத்தை விமர்சித்தார். உயிர்ப்புள்ள கல்வி என்னும் முழக்கத்தின் கீழ் முறையான போதனையைக் கைவிடுதல், அடித்தளத்து மக்களின் பிள்ளைகளுக்கே கேடாக முடியும் என்பது அவர் வாதம். கற்றல் ஓர் உழைப்பு. அதற்குரிய களைப்பும் பயிற்சியும் உண்டு. அவ்வுழைப்பிற்குப் பழகாத வீடுகளிலிருந்து வருவோருக்கு அதனைப் பழக்குவது பாடசாலையின் கடமை.

எமது நாட்டில் இவ்வுண்மை 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில் வெளிப்படையாயிற்று. பாடசாலைகள் மூடப்பட்டன; பிள்ளைகள் தாமே கற்கவேண்டும் என்று கூறப்பட்டது. கணினியும் தனியறையும் கற்ற பெற்றோரும் உள்ள பிள்ளை தாமே கற்றது. ஒரே கைத்தொலைபேசியை மூவர் பகிர்ந்துகொண்ட வீட்டிலும், அலைவரிசை தேடி மேட்டு நிலங்களில் ஏறவேண்டியிருந்த பெருந்தோட்டக் குடியிருப்பிலும் வாழ்ந்த பிள்ளை ‘சுயமாக’ விடப்பட்டது. கைவிடுதலுக்குச் சுயகற்றல் எனப் பெயரிடுதல் எளிது.

மறுமுனையில் தனியார் போதனை நிலையங்கள் நிற்கின்றன. தரம் 5 புலமைப்பரிசில் தொடக்கம் உயர்தரம் வரை, எந்த வினா வரக்கூடும் என்னும் ஊகம் அங்கு விற்பனைப் பண்டமாகின்றது. பிள்ளையின் வினா விலைபோவதில்லை. பரீட்சகரின் வினாவே விலைபோகின்றது. ஆகவே, ஒருபுறம் மனனச் சந்தை, மறுபுறம் துணையற்ற சுயகற்றல் என்னும் இரண்டுக்குமிடையே மூன்றாவதொரு வழியைக் காண்பதே ஆசிரியர் கல்வியின் பணியாகின்றது. வைகோற்ஸ்கி 1930களில் வகுத்த கருத்து இதற்குத் துணைபுரியும். பிள்ளை இன்று பிறர் துணையுடன் செய்வதையே நாளை தனித்துச் செய்கின்றது. எனவே சுயாதீனம் என்பது கூட்டுழைப்பின் விளைவு. ஆசிரியரின் தலையீடு குறைவதனால் அது தானே தோன்றிவிடுவதில்லை. இக்கூற்று ஆசிரியருக்கும் அவ்வாறே பொருந்தும்.

5

ஆசிரியர் வாண்மை விருத்தி இதற்கேற்ப எவ்வாறு அமையலாம் என்பதை இரு எடுத்துக்காட்டுகளாற் காட்டலாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறுகள் இல்லை. சுண்ணக்கற் பாறையிற் சேரும் மழைநீரே கிணறுகளில் ஊறுகின்றது. மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்வது. நன்னீர் உவர்நீரின்மேல் ஒரு படையாக மிதந்து நிற்கின்றது. மிகையாக இறைக்குமிடத்து உவர்நீர் மேலெழுகின்றது. இவை பாடநூலிற் சில வரிகளில் அடங்குவன. ஒரு கொத்தணியைச் சேர்ந்த விஞ்ஞான, புவியியல், வரலாற்று, தமிழ் ஆசிரியர் சிலர் ஒன்றுகூடி, ‘எங்கள் கிணற்று நீர் ஏன் ஆவணியில் உவர்க்கின்றது?’ என்னும் வினாவை மாணவரிடம் கொண்டுசெல்லுமுன் தாமே ஒரு பருவகாலம் ஆராய்வதாகக் கொள்வோம். கயிற்றிற் கல்லைக் கட்டி வாரந்தோறும் நீர்மட்டத்தை அளக்கின்றனர். வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலிட்டு வெண்ணிற வீழ்படிவின் அளவை ஒப்பிடுகின்றனர். முதியோரிடம், துலா மறைந்து நீர்ப்பம்பி வந்தபின் கிணறு எவ்வாறு மாறியது எனக் கேட்கின்றனர். அளவீடுகள் ஒத்துவராதபோது தமக்குள் வாதிடுகின்றனர். அறியாமையிலிருந்து தொடங்கிப் படிப்படியாக அறிதல் எத்தகையது என்னும் அனுபவத்தை இவ்வாறே அவர்கள் பெறுவர். எந்த விரிவுரையும் அதனைத் தரவியலாது.

இத்தேடல் அத்துடன் நின்றுவிடாது. அக்கிணற்றில் யார் நீரள்ளலாம், யார் அள்ளலாகாது என்றிருந்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. முதியோருடன் உரையாடும் பிள்ளை சாதியைச் சென்றடையும். இறைப்பின் செலவைக் கணக்கிடும் பிள்ளை நிலவுடைமையைச் சென்றடையும். அறியும் வேட்கை தீங்கற்ற ஓர் அழகுப் பண்பு எனக் கருதுவோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. உண்மையான வினா எங்குச் சென்று முடியும் என்பதை முன்கூட்டி வரையறுத்தலியலாது. ஆசிரியர் வினாவுக்கு அஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணம், அவ்வச்சம் ஆதாரமற்றதுமன்று. வினாவின் பின்னால் ஆசிரியர் தனித்து நிற்கவேண்டியிராத நிலைமையை அவரது சகபாடிகளும் தொழிற்சங்கமும் உருவாக்குதல் வேண்டும்.

மற்றைய எடுத்துக்காட்டு எமது துறை சார்ந்தது. சாதாரண தரத்தில் ‘தமிழ் இலக்கிய நயம்’ என ஒரு பாடம் உளது. நயத்தல் என்பது வாசகர் தாமே செய்யவேண்டிய செயல். ஆயின் நடைமுறையில் நயமும் மனனத்துக்குரியதாகிவிட்டது. இன்ன செய்யுளில் இன்ன அணி, இன்ன சுவை என்னும் குறிப்புகளை வழிகாட்டி நூல் தர, மாணவர் ஒப்புவிக்கின்றனர். இதனை மாற்றுவதற்கு ஆசிரியருக்கு ‘நவீன முறைகள்’ பற்றிய விரிவுரை பயன்தராது. அவர்கள் முன்னர் கண்டிராத ஒரு கவிதையை, ஆசிரியர் பெயரும் உரையுமின்றி அவர்களிடம் கொடுத்து, விளங்கியதை விடுத்து விளங்காததை மட்டும் எழுதும்படி கேட்டல் வேண்டும். அவ்வாறு எழும் ஐயங்களை ஒப்பிட்டு, எது சொல்லைப் பற்றியது, எது சமூகச் சூழலைப் பற்றியது, எது கவிஞனின் பார்வையைப் பற்றியது என வகைப்படுத்தினால், திறனாய்வின் அடிப்படை அங்கேயே தோன்றும். விளங்கவில்லை என்று சகபாடிகள் முன் கூற வாய்ப்புப் பெற்ற ஆசிரியரே, மாணவன் அவ்வாறு கூறும்போது அதனைக் குற்றமாகக் கொள்ளார்.

இவை புதியனவல்ல. யப்பானிய ஆசிரியர் குழுவாக ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் கற்பிக்க ஏனையோர் மாணவரின் சிந்தனையை அவதானித்து, பின்னர் ஒருமித்து ஆராயும் ‘பாட ஆய்வு’ முறையை நீண்டகாலமாகக் கைக்கொண்டு வருகின்றனர். அங்கு விமர்சனத்துக்குள்ளாவது பாடமே. ஆசிரியரின் தகுதி அன்று. எமது நாட்டிலும் 1980களிற் பயிற்றப்படாத ஆசிரியருக்கெனத் தொடங்கிய தொலைக்கல்வி, மொடியூல்களைத் தாமே கற்று, குறித்த நாட்களிற் கூடி விவாதிக்கும் அமைப்பைக் கொண்டிருந்தது. பெருந்தோட்ட ஆசிரியர் பலர் அதன்வழிப் பயிற்சி பெற்றனர். ஆசிரியர் தாமே சுயமாகக் கற்ற இவ்வனுபவத்தைச் சுயகற்றல் பற்றிப் பேசுவோர் அரிதாகவே எடுத்தாளுகின்றனர்.

இம்முறைகள் நிலைபெறுவதற்குச் சில நிபந்தனைகள் இன்றியமையாதவை. முதலாவது, நேரம். ஆசிரியர் கூடி ஆராயும் நேரம் பாடசாலை நேரசூசியின் ஒரு பகுதியாதல் வேண்டும்; வாரவிறுதியில் அவரது ஓய்விலிருந்து பறிக்கப்படுவதாய் இருத்தலாகாது. சம்பளம் போதாது மாலையில் வேறு தொழில் தேடும் ஆசிரியரிடம் அறியும் வேட்கையை வேண்டுவது நகைப்புக்கிடமானது. 2021ஆம் ஆண்டு யூலை தொடக்கம் ஒக்டோபர் வரை நீடித்த ஆசிரியர், அதிபர் பணிப்புறக்கணிப்பை இவ்வகையிற் கல்வித்தரம் பற்றிய போராட்டமாகவும் நாம் கருதுகின்றோம். இரண்டாவது, உரிமை. ஆசிரியரின் நிலை குறித்து 1966ஆம் ஆண்டு சர்வதேச தொழில் நிறுவனமும் யுனெஸ்கோவும் முன்வைத்த பரிந்துரை, பாடநூலையும் கற்பித்தற் சாதனத்தையும் தெரிவதிலும் தழுவியமைப்பதிலும் ஆசிரியருக்கு முக்கிய பங்குண்டு என ஏற்றுக்கொண்டது. அரைநூற்றாண்டு கடந்தும் அது எமது பாடசாலைகளில் அறியப்படாத ஆவணமாகவே உளது. மூன்றாவது, மதிப்பீடு. பரீட்சை வினாத்தாளில் மாணவர் தாமே வினா அமைக்கவும் சான்றை எடைபோடவும் வேண்டிய பகுதிகள் இடம்பெறும்வரை, ஏனைய முயற்சிகள் அனைத்தும் பாடசாலையின் ஓரத்திலேயே நிற்கும்.

6

இதுகாறும் கூறியவற்றிலிருந்து சுயகற்றல் ஒரு கற்பித்தல் உத்தி மட்டுமன்று என்பது பெறப்படும். அது அறிவின் உடைமை பற்றிய பிரச்சினையாகும். வினா யாருக்குச் சொந்தம் என்பதே அதன் உள்ளடக்கம். நூலுக்குச் சொந்தமாக இருந்த வினா பரிசோதகருக்குச் சொந்தமாயிற்று. பின்னர் சந்தைக்குச் சொந்தமாயிற்று. அதனை உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு மீட்டுக்கொடுக்கும் பணியில் ஆசிரியரே முதன்மையானவர். ஆனால் அவரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டுள்ளது. எனவே ஆசிரியர் வாண்மை விருத்தி அங்கிருந்தே தொடங்கல் வேண்டும்.

நன்னூல் ஆசிரியருக்கு ஒதுக்கியது காற்கூறு. எஞ்சிய முக்காற்கூறும் சகபாடிகளுடன் கூடியும் பிறர்க்கு உரைத்தும் பெறப்படுவது. அந்நூல் எழுந்த காலத்தில் அம்முக்காற்கூறு ஒரு சிலரின் உடைமையாக இருந்தது. ஓய்வும் உரிமையும் கூட்டுறவும் அனைவர்க்கும் பொதுவாகும் சமூகத்திலேதான் அது அனைவரதும் உடைமையாகும். அச்சமூகம் வரும்வரை காத்திராது, ஒரு கொத்தணியில், ஒரு கிணற்றங்கரையில், ஒரு கவிதையின் முன்னால், ஆசிரியர் நால்வர் தாம் அறியாததைப் பற்றி ஒருமித்து வினாவத் தொடங்குவாராயின், அது அத்திசையில் எடுத்துவைக்கப்பட்ட உண்மையான ஓர் அடியாகும்.